எஃகறிஞர் ஹாட்பீல்டு

தோற்றுவாய்

தேய்வு என்பது உலகப் பொருள்கள் அனைத்திற்கும் பொதுவாயதோர் இயல்பாகும். சந்தனக் கட்டை தேய்கின்றது. கிணற்றின் விளிம்புக்கல் கயிறு உரசித் தேய்கின்றது. எறும்பு ஊர்ந்து ஊர்ந்து கல்லும் தேயும் என நம் முன்னோர் கூறிப் போந்தனர். தேயுந்தோறும் பொருள்கள் மெலியும் என்பதே யாவரும் கண்ட உண்மை. ஆயின், அடிபட்டும் உரசியும் தேயத் தேய, அத்தேய்வினாலேயே வன்மை பெறும் உலோகம் ஒன்று உண்டென்றால், அது வியப்பன்றோ? அத்தகைய எஃகினை உலகிற்கு அளித்தவரே ஸர் இராபர்ட் ஹாட்பீல்டு என்னும் ஆங்கிலப் பேரறிஞர். அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

தமிழ் பயிலும் நமக்கு எஃகறிஞர் ஒருவர்பால் ஈடுபாடு பிறந்தது எங்ஙனம் என வினவுவார் இருக்கலாம். நமது ஊர் பிரம்மதேசம். விடுமுறை கழிந்து கல்லூரிக்குத் திரும்பும்போது திண்டிவனம் வந்து புகைவண்டி ஏறி, விழுப்புரம் சந்திப்பைக் கடந்து செல்வது நம் வழக்கம். சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளுக்கும் பாதைகள் பிரியும் இடம் அது. அங்கே வண்டி நுழையும்போது காலடியில் கடகடவென்று ஓர் ஓசை எழும். ஒரு தண்டவாளம் மற்றொன்றைக் குறுக்கிட்டுச் செல்லுமிடத்தில், சக்கரத்தின் விளிம்பு கடந்து போவதற்காகச் சிறிது இடைவெளி விடப்பட்டிருக்கும். அவ்விடைவெளியை ஒவ்வொரு சக்கரமும் தாண்டி விழும்போது எழுவதே அவ்வோசை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான சக்கரங்கள் சம்மட்டி போல் வந்து மோதியும் அவ்விரும்பு எங்ஙனம் பொறுத்திருக்கின்றது என்று பன்முறை எண்ணியதுண்டு. அதனை விஞ்ஞானம் பயிலும் நண்பர் ஒருவரிடம் உசாவியபோதுதான், இத்தகைய கிராசிங்குகளை வார்ப்பதற்கு நம் நாட்டு ரயில்வேயில் மாங்கனீசு எஃகு பெரிதும் பயன்படுகின்றது என்பதையும், அதனைக் கண்டவர் ஹாட்பீல்டு என்பதையும் அறிந்தோம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தில் கத்திக்கும் எஃகிற்கும் பெயர்போன நகரம் ஷெபீல்டு. அதன் ஒரு பகுதியாகிய ஆட்டர்கிளிப் என்னுமிடத்தில், 1858-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ஆம் நாள் நம் அறிஞர் பிறந்தார். தந்தையார் பெயரும் இராபர்ட் ஹாட்பீல்டு என்பதே. அவர் 1872-இல் எஃகு வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அக்காலத்தில் எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் தொழில் பரவியிருந்ததேயன்றி, வேண்டிய உருவில் நேரே வார்க்கும் தொழில் ஆங்கிலேயரிடத்து அத்துணை வளரவில்லை.

மைந்தர் பள்ளிக் கல்வி முடிந்ததும் பல்கலைக்கழகம் புகாது தொழிற்சாலையையே தம் கல்விக்கூடமாகக் கொண்டார். ஆயினும் கணக்குப் பார்ப்பதோடும் வேலை வாங்குவதோடும் அவர் நின்றாரல்லர். தந்தையின் ஆலையில் சோதனைச்சாலை அமைத்து, இரும்போடு பிற பொருள்களைச் சிறிது சிறிதாகக் கலந்து உருக்கி, ஒவ்வொரு கலவையின் இயல்பையும் குறித்து வைத்தார். அவர் பிறந்த ஊரின் பெருமையும் அவருக்கு வாய்த்தது. ஷெபீல்டு நகரத்து ஹென்றி சோர்பி என்னும் அறிஞர்தாம், எஃகுத் துண்டினைக் கண்ணாடி போல் மெருகிட்டு, அமிலத்தால் சிறிது அரிக்கச் செய்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கி, அதன் உள்ளமைப்பை 1860-களிலேயே முதன்முதலாகக் கண்டவர். வெளியே ஒரே பிழம்பாகத் தோன்றும் எஃகு, உள்ளே எண்ணிறந்த படிகமணிகள் நெருங்கிக் கிடக்கும் கட்டடம் என்பது அதனால் விளங்கிற்று.

மாங்கனீசும் நம் மாவட்டமும்

மாங்கனீசு என்பது இரும்பிற்கு இனமான ஓர் உலோகம். அதனை எஃகில் சேர்த்தால் நன்மை விளையும் என்பதை ஹாட்பீல்டுக்கு முன்னரே ஷெபீல்டில் நிலைநாட்டியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர். அவர் சென்னை மாகாணத்தில் அரசாங்க அலுவல் பார்த்தவர். சேலத்து இரும்புக் கனியத்தைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டையொட்டிப் பெரியதோர் இரும்பாலையைத் தொடங்கியவரும் அவரே. அந்நாளில் பரங்கிப்பேட்டையும் நமது பிரம்மதேசமும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தைச் சார்ந்தவை. அம்மாவட்டம் 1993-இல்தான் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்தது.

ஹீத் ஆங்கில நாடு திரும்பி, எஃகு உருக்கும்போது சிறிது மாங்கனீசு சேர்த்தால் அது காய்ச்சி அடிப்பதற்கும் ஒட்டுவதற்கும் இணங்கும் என்று கண்டு, 1839-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். எஃகின் விலை குறைந்தது. ஷெபீல்டு நகரம் செழித்தது. ஆனால், பத்திரத்தில் எழுதியிருந்த சொற்களின் நுணுக்கத்தைக் காட்டிப் பிறர் அவர்க்குரிய ஊதியத்தை அளிக்க மறுத்தனர். வழக்கு மன்றங்களிலேயே காலங் கழித்து, பயன் யாதும் எய்தாமல் 1851-இல் அவர் மறைந்தார். பரங்கிப்பேட்டை ஆலையும் பின்னர் அழிந்தொழிந்தது. நம் மாவட்டத்துக் கடற்கரையில் இரும்புக்காக உழைத்த ஒருவர் விட்ட இடத்திலிருந்தே ஹாட்பீல்டின் ஆராய்ச்சி தொடங்குகின்றது எனலாம்.

கண்டுபிடிப்பு

ஹீத் சேர்த்தது மிகச் சிறிதளவு மாங்கனீசே. அளவு மிகுந்தால் என்னாகும் என்பதையும் பின்வந்தோர் ஆராயாமலில்லை. நூற்றுக்கு 3 பங்கு, 5 பங்கு என ஏற்ற ஏற்ற எஃகு நொறுங்கும் தன்மையது ஆயிற்று. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் தூளாயிற்று. ஆதலின், மாங்கனீசு மிகுந்தால் எஃகு கெடும் என்று முடிவு செய்து யாவரும் அவ்விடத்தே நின்றுவிட்டனர்.

ஹாட்பீல்டு நிற்கவில்லை. எளிதில் தேயாததும் மிகக் கடியதுமான எஃகொன்றைத் தேடிக்கொண்டிருந்த அவர், பிறர் அஞ்சிய எல்லையையும் கடந்து, நூற்றுக்கு 12 பங்கு அளவுக்கு மாங்கனீசைக் கலந்து உருக்கினார். 1882-ஆம் ஆண்டில், அவருக்கு இருபத்து மூன்றே வயது நிரம்பியிருந்தபோது, விந்தையான உலோகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதில் மாங்கனீசு ஏறக்குறைய 12 பங்கும், கரி ஒரு பங்குக்குச் சிறிது மிகுதியும் இருந்தன. இரும்பே பெரும்பகுதியாக இருந்தும் காந்தம் அதனை இழுக்கவில்லை. சாதாரண எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகி எளிதில் ஒடியும் என்பதை நம் ஊர்க் கொல்லரும் அறிவர். இவ்வெஃகையோ காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால், அது வளைந்து கொடுக்கும் உறுதியைப் பெற்றது. மெல்ல ஆறவிட்டால்தான் ஒடிந்தது. உலகியலுக்கு முற்றும் மாறாக நடந்த இதனைக் கண்டு, சோதனையில் பிழை நேர்ந்ததென்று வேறொருவர் எறிந்திருப்பர். ஹாட்பீல்டு மீண்டும் மீண்டும் செய்து பார்த்து உண்மையெனத் தெளிந்தார். 1883-இல் உரிமைப் பத்திரம் பெற்று, 1888-இல் இலண்டன் பொறியியலறிஞர் கழகத்தில் தம் ஆராய்ச்சி முழுவதையும் வெளியிட்டார்.

அதே ஆண்டில் தந்தையார் காலமாயினார். முப்பது வயதும் நிரம்பாத மைந்தர் ஆலைப் பொறுப்பு முழுவதையும் ஏற்றார். புதிய எஃகுக்கு உடனே வரவேற்புக் கிட்டியதென்று கூறவியலாது. அதனை எந்த உளியாலும் எளிதில் செதுக்க முடியவில்லை. செதுக்கப் புகுந்தால் உளி படும் இடமே மேலும் கடினமாயிற்று. ஆகவே வேண்டிய உருவில் வார்த்து, சாணைக்கல்லால் தீட்டியே பயன்கொள்ள வேண்டியதாயிற்று. வார்ப்புத் தொழிலில் தந்தையார் பெற்றிருந்த திறமை மைந்தருக்கு இங்கே கைகொடுத்தது. சில ஆண்டுகளில் கல்லுடைக்கும் எந்திரங்கள், டிராம் பாதைகள், ரயில் கிராசிங்குகள், கள்வர் அறுக்கவியலாத பெட்டகங்கள் முதலியவற்றில் அவ்வெஃகு இடம்பெற்றது. அமெரிக்க நாட்டிலும் 1892 முதல் அதனை வார்க்கத் தொடங்கினர்.

தேய்வின் உள்ளே நிகழ்வது

இவ்வெஃகு தேயத் தேய வன்மை பெறுவது எங்ஙனம்? இதனை அறிவதற்கு உரசும் உலோகத்தின் உள்ளே சிறிது புகுந்து பார்த்தல் வேண்டும்.

ஓர் உலோகத்தின் மீது மற்றோர் உலோகம் அழுந்தி நகரும்போது, இரு பரப்புகளும் முழுவதும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நுண்ணிய மேடுகளின் நுனிகளே தொடுகின்றன. பாரம் முழுவதையும் அச்சிறு நுனிகளே தாங்குதலால் அங்கே அழுத்தம் மிகுந்து, உலோகம் குழைந்து இழுபடுகின்றது. தேய்ந்த துண்டினைக் குறுக்கே அறுத்து மெருகிட்டு நுண்பெருக்கியில் நோக்கினால், மாற்றம் அடுக்கடுக்காகக் காணப்படும். மிகவும் ஆழத்திலுள்ள படிகமணிகள் பழைய உருவிலேயே இருக்கும். அதற்கு மேலுள்ளவை, காற்றடித்த பக்கம் சாய்ந்த நெற்பயிர் போல, உரசல் சென்ற திசையில் சாய்ந்து நீண்டிருக்கும். அதற்கும் மேலே அம்மணிகள் உடைந்து உடைந்து மிக நுண்ணியனவாக மாறியிருக்கும். உச்சியிலுள்ள மெல்லிய ஏட்டில், காற்றின் பிராணவாயுவோடு கூடிய துருவும், எதிர்ப்பொருளிலிருந்து வந்த துகளும் கலந்து அரைபட்டிருக்கும். மெருகிட்ட உலோகத்தின் மேலேடு கண்ணாடி போலப் படிக ஒழுங்கற்றது என்று ஸர் ஜார்ஜ் பீல்பி என்னும் அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதினார். பின்னர் வந்த எலக்ட்ரான் நுண்பெருக்கி, அவ்வேடு பெரும்பாலும் மிக மிக நுண்ணிய படிகங்களாலாயது என்று காட்டிற்று. ஆகவே, தேய்வு என்பது பொருள் குறைதல் மட்டுமன்று. எஞ்சிய பொருள் உள்ளே உருமாறுதலும் ஆகும்.

இவ்வுருமாற்றம் எப்பொழுதும் நன்மையே பயக்கும் என்பதற்கில்லை. சாதாரணத் தண்டவாளத்தின் மேல் சக்கரம் சறுக்கும்போது கணநேரத்தில் பெருஞ்சூடு உண்டாகி உடனே ஆறுதலால், சில இடங்களில் வெண்மையாகத் தோன்றும் ஒரு மேலேடு பிறக்கின்றது. அது மிகக் கடினமானது; ஆயின் எளிதில் வெடிக்கும். அவ்வெடிப்பு உள்ளே பரவித் தண்டவாளத்திற்கே கேடு செய்வதும் உண்டு.

மாங்கனீசு எஃகின் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. அதன் படிகமணிகள் ஆஸ்டெனைட் என்னும் அமைப்பை உடையவை. சாதாரண எஃகில் செஞ்சூட்டில் மட்டும் நிற்கும் அவ்வமைப்பை, மாங்கனீசும் கரியும் சேர்ந்து குளிர்ந்த நிலையிலும் நிறுத்தி வைக்கின்றன. காந்தம் இழுக்காமைக்குக் காரணமும் இதுவே. அப்படிகங்கள்மீது பேரடி விழும்போது, அவற்றுள் மெல்லிய பட்டைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல் போல எதிர்முகமாகத் திரும்பி நிற்கின்றன. இவற்றை இரட்டைப் படிகங்கள் என்பர். மேலும் மேலும் அடிபடுந்தோறும் இப்பட்டைகள் பெருகி, ஒவ்வொரு மணியையும் பல சிற்றறைகளாகத் தடுத்துவிடுகின்றன. தடுப்புகள் மிகுந்த வீட்டில் ஓடி விளையாட இடமில்லாதது போல, உலோகம் மேலும் குழைந்து இழுபடுவதற்கு வழி அடைபட்டுப் போகின்றது. அதனால் பிரினெல் அளவையில் ஏறக்குறைய 200 ஆக இருந்த கடினம், அடிபட்ட மேற்பரப்பில் 500-ஐயும் எட்டுகின்றது. உட்பகுதியோ பழைய இளக்கத்தோடு அடியைத் தாங்குகின்றது. மேலேடு தேய்ந்து கழிந்தால், அடுத்த ஏடு அவ்வடியினாலேயே கடினமாகி அதன் இடத்தை ஏற்கின்றது.

விழுப்புரம் மாவட்டத்தில் கருங்கல்லை உடைத்துச் சல்லியாக்கும் ஆலைகள் பல உள. அத்தகைய ஆலைகளில் கல்லைக் கடிக்கும் தாடைத் தகடுகள் மாங்கனீசு எஃகால் வார்க்கப்படுவது வழக்கம். தேய்ந்து கழித்துப் போட்ட தகடு ஒன்றை நாம் கையால் தடவிப் பார்த்ததுண்டு. அதன் முகடுகள் மழுங்கியிருந்தும் பரப்பு பளபளவென்று மின்னிற்று.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பேரடியும் பேரழுத்தமும் வந்தால்தான் இவ்வெஃகு வன்மை பெறும். மணல் மட்டும் மெல்ல மெல்ல உரசிக் கொண்டிருக்குமிடத்தில் உட்படிகங்கள் விழித்துக்கொள்வதில்லை. கடினமாகாமலே விரைவில் தேய்ந்தொழியும். இதனை அறியாது எல்லாவிடத்தும் பயன்படுத்தி ஏமாந்தோரும் உளர்.

பிற ஆராய்ச்சிகள்

ஹாட்பீல்டு மாங்கனீசோடு நின்றாரல்லர். சிலிக்கன் கலந்த எஃகையும் ஆராய்ந்தார். பாரெட் முதலிய அறிஞரோடு கூடி அதன் காந்த இயல்புகளை வெளிப்படுத்தினார். மின்சாரத்தை ஏற்றியும் இறக்கியும் அனுப்பும் டிரான்ஸ்பார்மர்களின் உட்கருவில் வீணாகும் ஆற்றலை அவ்வெஃகு பெரிதும் குறைத்தது. நம் ஊர்களில் இன்று விளக்கெரிவதற்கும் அவ்வுழைப்பு ஒரு துணையாகும்.

பழம்பொருள்களிடத்தும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. இலங்கையில் சிகிரியாவில் கிடைத்த பழைய இரும்புக் கருவிகளையும், டில்லியிலுள்ள இரும்புத் தூணின் துணுக்கொன்றையும் ஆராய்ந்து 1912-இல் முடிவுகளை வெளியிட்டார். அத்தூணின் இரும்பில் நூற்றுக்கு 99.72 பங்கு தூய இரும்பென்றும், மாங்கனீசு சிறிதும் இல்லையென்றும் கண்டார். மாங்கனீசால் புகழெய்தியவர், அது கலவாமலே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் தூணை ஆராய்ந்தது இனியதொரு நிகழ்ச்சியன்றோ!

மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் தம் இளமையில் நம் நாட்டு உக்கு எஃகை ஆராய்ந்து, அதனைப் போல் செய்ய முயன்று, பற்பல உலோகங்களை எஃகில் கலந்து பார்த்தார். அத்துண்டுகள் நூறாண்டுகளுக்கு மேல் ஒரு பெட்டியில் கிடந்தன. தம் எழுபதாம் வயதையொட்டி ஹாட்பீல்டு அவற்றில் 79 துண்டுகளை ஆராய்ந்து, 1931-இல் நூலாக வெளியிட்டு, கலவை எஃகு ஆராய்ச்சிக்கு முன்னோடி பாரடேயே என்று நாட்டினார். தமக்கு வந்த புகழில் முன்னோர்க்குரிய பங்கைத் தேடிச் சென்று அளித்த பண்பு போற்றத்தக்கது.

தொழிலாளரும் போரும்

தொழிலாளர் நெடுநேரம் உழைத்து அலுத்த அந்நாளில், நாளொன்றுக்கு எட்டுமணி நேர வேலையை முதன்முதல் ஏற்ற ஆங்கில முதலாளிகளுள் ஹாட்பீல்டும் ஒருவர். 1892-இல் கிப்பின்ஸ் என்பாரோடு சேர்ந்து இப்பொருள் பற்றி ஒரு நூலும் எழுதினார். வேலை நேரம் குறைந்தால் பொருளாக்கம் குறையும் என்ற அச்சம் பொருந்தாது என்பது அவர் கொள்கை.

முதல் உலகப் பெரும்போர் 1914-இல் மூண்டது. அவருடைய ஆலை வெடிகுண்டுகளைப் பெருவாரியாகச் செய்தது. போருக்கு முன்னரே கவசத்தைத் துளைக்கும் குண்டுகளுக்குப் பெயர் பெற்றிருந்தது அவ்வாலை. அவருடைய எஃகே போர்வீரரின் தலைக்கவசமாகவும் 1915 முதல் அமைந்து, எண்ணிறந்த உயிர்களைக் காத்தது. அவர் துணைவியார் பிரான்சு நாட்டில் விமெரோ என்னுமிடத்தில் மருத்துவமனை ஒன்றை அமைத்துக் காயமுற்றோரைப் பேணினார். ஒரே இல்லத்தார் கையால் குண்டும் கவசமும் மருந்தும் வந்தன. இதனை எண்ணுந்தோறும் நம் உள்ளம் தெளிவு பெறாது தத்தளிக்கின்றது. எட்டுமணி வேலைக்கு வாதாடிய அருளாளர் குண்டு வணிகத்தால் செல்வமும் எய்தினார் என்பதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. நாடு கேட்டதை அவர் அளித்தார் என்பர் சிலர். அவ்விடை நமக்கு முழுவதும் அமைதி தரவில்லை. படிப்போர் தாமே சீர்தூக்கிக் கொள்வாராக. ஒன்று மட்டும் கூறலாம்: பிற்காலத்தில் ரயில் கிராசிங்குகளின் மேல் வெடிமருந்துத் தகட்டைப் பரப்பி வெடிக்கச் செய்து, பாதையில் பதிப்பதற்கு முன்னரே அவற்றைக் கடினமாக்கும் முறை ஒன்று தோன்றிற்று. வெடிமருந்தும் நல்லோர் கைப்பட்டால் வழிப்போக்கர்க்கு உதவும்.

முடிவுரை

ஹாட்பீல்டு 1908-இல் ஸர் பட்டமும், 1909-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினர் பதவியும், 1917-இல் பாரனெட் என்னும் வழிவழிப் பட்டமும் பெற்றார். இருநூற்றுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை எழுதினார். 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30-ஆம் நாள் மண்ணுலக வாழ்வை நீத்தார். மகப்பேறு இன்மையால் அவர் பட்டம் அவரோடு முடிந்தது. அவர் பெயர் தாங்கிய ஆலையும் 1983-இல் மூடப்பட்டு, அந்நிலத்தில் 1990-இல் பெரியதோர் அங்காடி எழுந்தது. பட்டமும் ஆலையும் தேய்ந்து மறைந்தன. அவர் கண்ட எஃகோ இன்றும் உலகெங்கும் அடி தாங்கி நிற்கின்றது.

மாணவராகிய நாம் அவர்பால் கற்க வேண்டுவன இரண்டு. ஐந்து பங்கில் கெட்டது பன்னிரண்டு பங்கில் நலமாகும் என எவரும் எதிர்பார்த்திலர். பலரும் திரும்பிய இடத்தில் ஒருவர் இன்னும் சிறிது தூரம் நடந்தமையால் உலகம் பயன் பெற்றது. இஃது ஒன்று. பெருந்துன்பம் வந்து மோதும்போது நெஞ்சம் தானே உரம் பெறுகின்றது. நாள்தோறும் மெல்ல உரசும் சிறு சோம்பலும் சிறு பொய்யுமே நம்மை அறியாமல் நம்மைத் தேய்த்துவிடுகின்றன. மணலுக்குத் தோற்கும் அவ்வெஃகு நமக்குக் காட்டும் எச்சரிக்கை இது. இஃது இரண்டாவது.

இனி விழுப்புரம் சந்திப்பில் வண்டி கடகடவென்று கடக்கும்போது, அவ்வோசை நமக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றாது. விழும் ஒவ்வோர் அடியையும் வாங்கி, தன் உள்ளமைப்பைத் திருத்திக்கொண்டு, அடுத்த அடிக்கு ஆயத்தமாகும் எஃகினையும், அதனைக் கண்ட இருபத்து மூன்று வயது இளைஞரையும் நினைப்போமாக.